இலவசமாகக் கிடைக்கும் குளிசையும் இறங்கிப்போகும் சீனியும்

கந்தசஷ்டி விரதத்தின் நாலாம் நாள். விடியப்புறம் ஐந்து மணிக்கு முன்னரே விசுவமடுவிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. பெரியம்மாவின் பக்கத்து வீட்டு அக்கா பேசினார். "பிள்ளை, பெரியம்மா ஒரு மாதிரி இருக்கிறா. மகனோட கதைச்சுக்கொண்டிருக்கிறா. நாங்கள் கூப்பிட்டா திரும்பிப் பாக்கிறா இல்லை. உடம்பெல்லாம் வேர்த்து ஊத்துது."

பெரியம்மாவின் மகன் 2009 மே மாதம் வட்டுவாகலில் வைத்து இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஆகவே, தனியாக இருக்கும் 67 வயதுத் தாய் ஒருவர் விடியற்காலையில் மகனுடன் கதைப்பது அந்த ஊரில் எவருக்கும் வியப்பாக இருக்கவில்லை. ஒருவர் திருநீறு பூசிவிட்டார். இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். நானும் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, "கொஞ்ச நேரம் கதைக்க விடுங்கோ அக்கா, மறிக்காதையுங்கோ" என்று சொன்னேன். யுத்தத்துக்குப் பின்னரான உளத்தாக்கம் குறித்து மூன்று கட்டுரைகள் எழுதியவள் நான். எனக்குத் தெரிந்த விளக்கம் அதுதான்.

ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் அப்படியே கழிந்தது. அந்த அக்காவின் மகன் சாதாரண தரம் படிக்கிறவன். பாடசாலையில் முதலுதவிப் பயிற்சி எடுத்தவன். "அம்மா, இவா சீனிக்குக் குளிசை போடுறவா எல்லே" என்று கேட்டுவிட்டு அவன்தான் 1990க்கு அழைத்தான். அம்புலன்ஸில் வந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்தபோது சீனி 31. நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றியதும் பெரியம்மா கண்ணை நிமிர்த்தி, "ஏன் எல்லாரும் வந்து நிக்கிறியள்?" என்று கேட்டாராம்.

மகனுடன் கதைத்தது அவருக்கு நினைவில் இல்லை.

நீரிழிவைப் பற்றி எங்களிடம் இருக்கும் பேச்செல்லாம் சீனி ஏறுவதைப் பற்றியது. சோறு, பாண், பலகாரம், காலில் புண், கால் கழற்றுவது. இவை தேவையான பேச்சுகள்தான். இலங்கையில் 2018-19 காலப்பகுதியில் நடத்தப்பட்ட தேசிய மட்ட ஆய்வொன்று வயதுவந்தவர்களில் ஏறத்தாழ 23 வீதமானவர்களுக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. ஐந்து பேரில் ஒருவருக்கு மேல். ஆனால் ஏறிய சீனி கொல்வதற்கு வருடங்கள் எடுக்கும். இறங்கிய சீனி ஒரு காலைப்பொழுதில் கொல்லும். டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். 54க்குக் கீழே போனால் ஆபத்து. மூளைக்குக் குளுக்கோஸ்தான் எரிபொருள். அது குறையும்போது வேர்க்கும், நடுங்கும், நெஞ்சு படபடக்கும், கோபம் வரும், பேச்சு மாறும், ஆளை மறக்கும், வலிப்பு வரும்.

இந்தப் பட்டியலை மீண்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இரவில் வேர்த்து எழும்புவது, நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத கோபம், இல்லாத ஒருவருடன் கதைப்பது. வன்னியில் இவை ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஏற்கனவே ஒரு பெயர் இருக்கிறது. ஆண் என்றால் "குடிச்சிருக்கிறார்." பெண் என்றால் "பழைய யோசினை." முன்னாள் போராளி என்றால் "தலையில் பீஸ் இருக்கு, அதுதான்." பல வேளைகளில் இந்த விளக்கங்கள் சரியாகவும் இருக்கும். அதனால்தான் பிழைக்கிற அந்த ஒரு வேளையில் எவருக்கும் சந்தேகம் வருவதில்லை. யுத்தம் எல்லாவற்றுக்கும் விளக்கமாகிப் போன ஊரில், ஒரு குளிசையின் விளைவைக் கண்டுபிடிப்பது சிரமம்.

பெரியம்மாவுக்கு நடந்தது என்ன என்பதை அடுத்த இரண்டு நாட்களில் வைத்தியசாலைக் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து பொறுக்கிச் சேர்த்தேன். கிளினிக்கில் அவருக்கு மெற்போமினும் கிளிக்கிளசைட்டும் கொடுக்கிறார்கள். மெற்போமின் தனியாக எடுக்கும்போது பொதுவாகச் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்காது. ஈரல் வெளியே விடும் குளுக்கோஸைக் குறைப்பதுதான் அதன் பிரதான வேலை. கிளிக்கிளசைட் வேறு வகை. கிளிபென்கிளமைட், கிளிமிபிரைட், ரொல்பியூற்றமைட் எல்லாம் அந்த வகையைச் சேர்ந்தவைதான். இவை கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைப்பவை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று இந்தக் குளிசை பார்ப்பதில்லை. பிழிந்துகொண்டே இருக்கும்.

இதற்கிடையில் கால் விறைப்புக்காக ஒரு தனியார் வைத்தியரிடமும் பெரியம்மா போயிருக்கிறார். அவர் எழுதிக் கொடுத்த மருந்து பாமசியில் வேறொரு வர்த்தகப் பெயருடன் அட்டையில் கிடைத்தது. அதுவும் கிளிக்கிளசைட்தான். கிளினிக்கில் கடதாசி உறைக்குள் போட்டுத்தந்த வெள்ளைக் குளிசையும், காசு கொடுத்து வாங்கிய அட்டைக் குளிசையும் ஒரே மருந்து என்பது பெரியம்மாவுக்குத் தெரியாது. பார்த்தவுடன் எனக்கும் தெரியவில்லை. இரண்டையும் மூன்று வாரமாகப் போட்டிருக்கிறார். அதன் மேல் சஷ்டி வந்தது. பகல் முழுக்கப் பட்டினி. பின்னேரம் கோயிலுக்குப் போய் வந்து பாலும் பழமும். "மருந்தை மட்டும் விடக்கூடாது எண்டு கிளினிக்கில சொன்னவை" என்பதால் குளிசைகளை ஒன்றும் தவறாமல் போட்டிருக்கிறார்.

நாலு நாள் தாங்கியதே பெரிய விடயம்.

அன்று மதியமே வீட்டுக்குப் போகக் கேட்டு அடம்பிடித்தார். வார்ட்டில் இருந்த இளம் வைத்தியர் விடவில்லை. அன்றிரவு சீனி மறுபடியும் 48க்கு இறங்கியது. இந்த வகைக் குளிசைகளால் வரும் இறக்கம் ஒருமுறை குளுக்கோஸ் ஏற்றியதோடு முடிவதில்லை. மருந்து உடம்பில் இருக்கும் வரை திரும்பத் திரும்ப இழுக்கும். முதியவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள் என்றால் ஒரு நாளுக்கு மேலாகவும் இழுக்கும். வீட்டில் சீனித் தண்ணி குடித்து எழும்பிய ஒருவரை, "இனிப் பயமில்லை" என்று தனியாகப் படுக்கவிடுவது எவ்வளவு பெரிய பிழை என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

இவற்றுள் கிளிபென்கிளமைட் மோசமானது. உடம்பில் நீண்ட நேரம் நின்று வேலை செய்வதால் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அது உகந்ததல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே குறிப்பிடுகிறது. வவுனியா உள்ளிட்ட எங்கள் வரண்ட வலயத்தில், காரணம் சரியாகக் கண்டறியப்படாத சிறுநீரக நோயும் சேர்ந்திருக்கிறது. சிறுநீரகம் பலவீனமானால் இந்தக் குளிசைகளும் இன்சுலினும் உடம்பை விட்டு வெளியேற நேரம் எடுக்கும். அதே அளவு மருந்து நேற்றுவரை அளவாக இருந்திருக்கும், இன்றைக்குக் கூடிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறசருக்குப் போடும் அத்தனலோல் போன்ற சில குளிசைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். மிஞ்சுவது வேர்வை மட்டும்தான். பெரியம்மாவுக்கு வேர்த்து ஊற்றியது என்று அந்த அக்கா முதல் வசனத்திலேயே சொல்லியிருந்தார். நான் அதைக் கேட்கவில்லை.

இப்படியான சம்பவங்கள் வைத்தியசாலைப் பதிவில் எப்படி எழுதப்படுகின்றன என்று பாருங்கள். "உணவைத் தவிர்த்துள்ளார்." நோயாளியின் கவனயீனம். பெரியம்மாவைப் பார்த்த ஒருவர் என்னிடமும் சற்றுக் கடுமையாகத்தான் கேட்டார்: "படிச்ச ஆக்கள் வீட்டில இருந்தும் இப்படியா?" எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு யோசித்தபோது அந்தக் கேள்வியில் எனக்கு உடன்பாடில்லாமல் போய்விட்டது.

கிளினிக் நாளை எடுத்துக்கொள்வோம். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும் என்பதால் சாப்பிடாமல் வரச்சொல்கிறார்கள். வன்னியின் உட்கிராமம் ஒன்றில் இருப்பவர் காலை நாலரைக்கு எழும்பி, முதல் பஸ்ஸைப் பிடித்து, நம்பர் எடுத்து, இரத்தம் கொடுத்து, முடிவு வரும்வரை வாங்கில் இருந்து, வைத்தியரைக் கண்டு, பிறகு மருந்து வரிசையில் நிற்க வேண்டும். எல்லாம் முடியப் பதினொரு மணி தாண்டும். வெறும் வயிற்றில் என்று சொன்னவர்கள், காலைக் குளிசையையும் ஊசியையும் இரத்தம் கொடுத்துச் சாப்பிட்ட பின்னர்தான் எடுக்க வேண்டும் என்பதை எல்லோருக்கும் விளங்கச் சொல்வதில்லை. சொன்னாலும் அந்த இரைச்சலில் கேட்காது. மருந்தைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல், வரிசையில் நின்று விழுந்தவர்களைப் பற்றி நான் கேட்காத கிளினிக் இல்லை. "பசி மயக்கம்" என்று பிளேன்ரீ வாங்கிக் கொடுத்து இருத்திவிடுவார்கள். அதிர்ஷ்டம் என்னவென்றால், எங்கள் பிளேன்ரீயில் சீனி அதிகம்.

பிறகு அந்தக் கடதாசி உறை. அதில் ஆங்கில எழுத்துகளில், லத்தீன் சுருக்கத்தில், ஒரு கிறுக்கல். காலையா மாலையா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. அரசியலமைப்பின்படி வடக்கு கிழக்கின் நிர்வாக மொழி தமிழ். அது பெயர்ப்பலகைக்கு வந்திருக்கிறது, குளிசை உறைக்கு வரவில்லை. பெரியம்மா மூன்று உறைகளையும் நிறத்தால்தான் அடையாளம் வைத்திருந்தார். அடுத்த மாதம் வேறு நிறுவனத்தின் குளிசை வரும், நிறம் மாறும். 2022இல் டொலர் இல்லாமல் மருந்து தட்டுப்பட்ட மாதங்களில் இது இன்னும் மோசமாக இருந்தது. கிடைத்ததைக் கொடுத்தார்கள், கிடைக்காததை வெளியில் வாங்க எழுதினார்கள். பாதியாக உடைத்துப் போட்டவர்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டவர்கள், பின்னர் மருந்து வந்ததும் பழைய முழு அளவுக்குத் திடீரெனத் திரும்பியவர்கள் என்று பலர். எவரும் இதைக் கவனயீனம் என்று சொல்ல முடியாது.

சீனியை அளக்கும் கருவி இன்னொரு கதை. குளிசை இலவசம், இன்சுலின் இலவசம். சேனக பிபிலே காலத்திலிருந்து இந்த நாடு பெருமைப்படக்கூடிய விடயம் அது, நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் இன்சுலின் ஏற்றும் ஒருவர் தன்னுடைய சீனி எவ்வளவு என்று வீட்டில் பார்ப்பதற்குத் தேவையான ஸ்ரிப் காசுக்கு. நான் பேசியவர்களில் ஒருவருக்கும் அது கிளினிக்கில் கிடைத்ததில்லை. கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண் சொன்னார்: "பெட்டி வாங்கிறதெண்டா ரெண்டு நாள் சம்பளம். அதுக்குப் பதிலா நடுங்கினா ஒரு கை சீனி தின்னுறன்." சிலருக்குப் புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்புகிறார்கள். கனடாவிலிருந்து வரும் பொதியில் சொக்கிலேற்றும் ஸ்ரிப் பெட்டியும் ஒன்றாக வரும். 1921இல் ரொறன்ரோவில்தான் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமத்தை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள். அதே நகரத்தில் இன்று இருக்கும் எங்கள் பிள்ளைகள்தான் ஊரிலுள்ள தாய்மாரின் சீனியை அளக்கக் காசு கட்டுகிறார்கள். பிள்ளை வெளியில் இல்லாத தாய் என்ன செய்வது என்பதற்குப் பதில் இல்லை.

இன்சுலினை வைத்திருப்பதில் எங்கள் ஆட்களுக்கு அனுபவம் அதிகம். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், ஈர மணலுக்குள் புதைத்த மண்சட்டியில் இன்சுலின் போத்தலை வைத்துக் காப்பாற்றிய கதைகளை எங்கள் அம்மாமார் சொல்வார்கள். 2009இல் ஈரத்துணியில் சுற்றி, மடிக்குள் கட்டிக்கொண்டு, கிளிநொச்சியிலிருந்து புதுமாத்தளன் வரை கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சட்டி மூடநம்பிக்கை அல்ல. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், 25 முதல் 37 பாகை வரை ஏறி இறங்கும் வெப்பத்தில் நாலு வாரம் வைத்திருந்த இன்சுலின் தன் வலுவை இழக்கவில்லை என்று கண்டார்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்களை இன்சுலினுக்குத் தகுதியற்றவர்களாகப் பார்ப்பதற்கு இனிக் காரணமில்லை. நிழலும் சட்டியும் திகதி எழுதிய போத்தலும் போதும். உறைய மட்டும் விடக்கூடாது.

ஆனால் அந்தக் காலத்தில் மருந்து இல்லாமல் போனவர்களின் கணக்கு எங்கும் இல்லை. மாத்தளனில் ஒரு நேரக் கஞ்சியில் இருந்தவர்கள் சிலர், போட்டால் விழுத்தும் என்று பயந்து குளிசையை நிறுத்தினார்கள். இன்சுலின் முடிந்துபோன பிள்ளைகளுக்கு நிறுத்தும் தெரிவே இருக்கவில்லை. முதலாம் வகை நீரிழிவில் இன்சுலின் நின்றால் சில நாட்களில் இரத்தம் அமிலமாகி மூச்சு வாங்கும், பிறகு முடிந்துவிடும். செல் பட்டவர்களின் எண்ணிக்கையே இன்னும் ஏற்றுக்கொள்ளப்படாத இடத்தில் இவர்களை யார் எண்ணப் போகிறார்கள்.

புதிய ஆபத்து ஒன்றையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதை நான் இரண்டு வீடுகளில் நேரில் கண்டேன். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானமும் காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் ஓடத் தொடங்கிய பின்னர், இந்தியாவிலிருந்து மருந்து கொண்டுவருவது கூடியிருக்கிறது. இந்தியாவில் மில்லிலீற்றருக்கு 40 அலகு கொண்ட இன்சுலின் போத்தலும் அதற்கான சிவப்பு மூடி ஊசியும் விற்கின்றன. இங்கே நாங்கள் பயன்படுத்துவது 100 அலகுப் போத்தலும் செம்மஞ்சள் மூடி ஊசியும். 100 அலகுப் போத்தலிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் 20 என்று இழுத்தால், உள்ளே போவது 50 அலகு. மாறி இழுத்தால் வெறும் 8. முன்னையது அன்றிரவே ஆளை விழுத்தும். வீட்டில் இன்சுலின் ஏற்றுபவர் இருந்தால், இப்போதே போத்தலையும் ஊசியையும் எடுத்து எண்ணைப் பாருங்கள். கட்டுரையைப் பிறகு வாசிக்கலாம்.

சீனி இறங்கியவருக்கு நினைவு இருந்தால், விழுங்க முடியுமென்றால், மூன்று தேக்கரண்டி குளுக்கோஸோ சீனியோ தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கால் மணித்தியாலம் பொறுத்து, சரிவராவிட்டால் திரும்பவும். தெளிந்த பிறகு சோறோ பாணோ ஏதாவது. குளிசையால் இறங்கியது என்றால் எழும்பினாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990க்கு அழைக்க வேண்டும். சுவசெரிய சேவை 2018 ஜூலையிலிருந்து வடக்கில் இருக்கிறது, கட்டணம் இல்லை. பல வளர்ந்த நாடுகளில் இன்சுலின் ஏற்றும் ஒருவரின் வீட்டில் குளுக்ககோன் என்ற அவசர ஊசி இருக்கும். நினைவற்றவருக்கு வீட்டாரே ஏற்றலாம். கிளிநொச்சியில் நான் விசாரித்த மூன்று பாமசிகளிலும் அது இல்லை. ஒருவர் பெயரைத் திருப்பிக் கேட்டார்.

2025 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் செமக்லுடைட் போன்ற புதிய, விலை கூடிய ஊசிகளை அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தது. கொழும்பில் அதைப் பற்றிக் கருத்தரங்கு நடக்கும். நடக்கட்டும், தேவைதான், தனியாக எடுக்கும்போது அவை சீனியை ஆபத்தாக இறக்குவதும் குறைவு. ஆனால் வன்னிக்கு அவை வந்துசேரும் வரை, வயது போனவர்களுக்குக் கிளிபென்கிளமைட்டை நிறுத்துவதற்கும், இன்சுலின் ஏற்றுபவருக்கு மாதம் ஒரு பெட்டி ஸ்ரிப் கொடுப்பதற்கும், உறையில் தமிழில் "காலை, சாப்பாட்டுடன், சாப்பிடாவிட்டால் போட வேண்டாம்" என்று ஒரு முத்திரை குத்துவதற்கும் பெரிய நிதி தேவையில்லை. முத்திரை செய்ய எவ்வளவு போகும்? விரத காலத்துக்கு முன்னர் கிளினிக்கில் ஐந்து நிமிடம் பேசுவதற்கு ஒரு சதமும் தேவையில்லை. ரமழானுக்கு முன்னர் முஸ்லிம் நோயாளிகளின் மருந்து நேரத்தை மாற்றிக்கொடுக்கும் வைத்தியர்கள் இருக்கிறார்கள். சஷ்டிக்கும் கௌரி விரதத்துக்கும் அப்படி யாரும் கேட்பதில்லை. நாங்களும் சொல்வதில்லை, "விரதத்தை விடு" என்று பேசுவார்கள் என்ற பயத்தில்.

கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20 முதல் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் போராட்டம் நடத்திவருகிறார்கள். பெரியம்மாவும் அங்கே போகிறவர். அங்குள்ள தாய்மார் பலருக்குச் சீனி, பிறசர், இரண்டும். ஒரு தாய் தன் கைப்பையைத் திறந்து காட்டினார். மகனின் படம், ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த கடிதங்களின் பிரதிகள், ஒரு கைப்பிடி ரொபி. "இது எனக்கில்லை பிள்ளை. பக்கத்தில இருக்கிற ஆளுக்கு வேர்த்தா வாயில வைக்கிறதுக்கு" என்றார். அவருக்கு இதை எந்தக் கிளினிக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு தடவை பக்கத்தில் ஆள் விழுந்ததால் கற்றுக்கொண்டது.

பெரியம்மாவின் தனியார் மருந்து நிறுத்தப்பட்டுவிட்டது. கிளினிக் குளிசையையும் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். உறைகள் மூன்றிலும் நான் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். போன கிழமை அவருக்குக் கிளினிக். பின்னேரம் அந்தச் சாதாரண தரப் பெடியனின் போனிலிருந்து எனக்கு ஒரு படம் வந்தது. புதிய உறைகள் மூன்று, அதே ஆங்கிலக் கிறுக்கல். கீழே பெரியம்மாவின் குரல்பதிவு: "இதில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்கா பாத்துச் சொல்லு பிள்ளை. ஒண்டின்ர நிறம் மாறியிருக்கு."